சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை: வீட்டு மெஷினை வச்சு நம்ம உணவை நாமே சோதிக்கிறது எப்படி?

காட்பாடி ரயிலடி

வணக்கம். விவரத்தை முதல்ல சொல்லிடறேன்: வயசு 46, ஆண், உயரம் 168 செ.மீ., எடை 69 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. சமீபத்திய ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றில் சர்க்கரை 108, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 126, ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சர்க்கரைச் சராசரி) 5.9, ட்ரைகிளிசரைட் (ரத்தக் கொழுப்பு) 194, ஹெச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 37, ஹீமோகுளோபின் 14.2. பிபி சரியா இருக்கு. மாத்திரை எதுவும் இல்லை. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபண்ணிட்டு மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்கார் டாக்டர்.

பொதுவான டயட் சார்ட் எனக்கு வேண்டாம். தினம் நான் சாப்பிடுற சாப்பாட்டில் எது என் உடம்பில் எவ்வளவு ஏத்துதுன்னு அளந்து தெரிஞ்சுக்கணும். குளுக்கோமீட்டர் இருக்கு, 50 ஸ்ட்ரிப் டப்பா ஒண்ணு இருக்கு. மூணு சந்தேகம்.

ஒண்ணு, அதே நாலு இட்லி, அதே சாம்பார். ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா ஒரு நாள் 148, இன்னொரு நாள் 121. மெஷின் கோளாறா, அளக்கிற விதம் தப்பா? ரெண்டு, இந்த 50 ஸ்ட்ரிப்பை எப்படிச் செலவு பண்ணினா உருப்படியான பதில் கிடைக்கும்? மூணு, கையில் ஒட்டுற சென்சார் வாங்கினால்தான் இதெல்லாம் முடியுமா? ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, மாசத்தில் ஒரு வாரம் நைட்டு. அதையும் கணக்கில் வச்சுச் சொல்லுங்க.

டெஸ்ட் டியூப்

அளவீடு பற்றிய முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மற்றதை உணவு தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

148-ம் 121-ம் ஒரே ரத்தத்தில் இருந்துகூட வந்திருக்கலாம். வீட்டு மீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 தரம், 2013 பதிப்பு, கேட்பது இவ்வளவுதான்: சர்க்கரை 100-ம் அதற்கு மேலும் இருந்தால், நூற்றில் 95 அளவீடுகள் ஆய்வக மதிப்பில் இருந்து 15 சதவீதத்துக்குள் வர வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 மி.கி.க்குள். உங்கள் உண்மையான அளவு 134 என்று வைத்துக்கொள்ளுங்கள். 114-ல் இருந்து 154 வரை எதைக் காட்டினாலும் அந்த மீட்டர் தரத்துக்கு உட்பட்டதுதான். நல்ல மீட்டர்கள் இதைவிட நெருக்கமாகக் காட்டும், ஆனால் ஒற்றை அளவை வைத்து இட்லிக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

இதில் இரண்டு வகைப் பிழை இருக்கிறது. ஒன்று ஒவ்வொரு சொட்டுக்கும் மாறுவது. மூன்று தடவை அளந்து சராசரி எடுத்தால் இது ஏறக்குறைய பாதியாகிவிடும். இன்னொன்று அந்த மீட்டரும் அந்த ஸ்ட்ரிப் டப்பாவும் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்வது. சராசரி எடுத்தாலும் இது போகாது. ஆனால் சாப்பிடும் முன் அளவையும் பின் அளவையும் ஒரே மீட்டரில், ஒரே டப்பா ஸ்ட்ரிப்பில் எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் இந்தச் சாய்வு பெரும்பாலும் கழிந்துவிடும். அதனால் ஒரு ஒப்பீட்டின் நடுவில் டப்பா மாற்றாதீர்கள். "148" என்று எழுதாமல் "96-ல் இருந்து 148, ஏற்றம் 52" என்று எழுதுங்கள்.

விரல் விஷயம். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள். பழம் நறுக்கிய கையோடு குத்தினால் தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையே அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். மாம்பழக் காலத்தில் "திடீரென்று 240" என்று பதறி வருகிறவர்களைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது கையைத்தான். ஸ்பிரிட் போட்டால் முழுக்க உலர விடுங்கள். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிசைந்து பிழியாதீர்கள், திசுநீர் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் தானே வரும்.

அடுத்தது நம் ஊர் வெயில். பெரும்பாலான ஸ்ட்ரிப் டப்பாவில் 30 டிகிரிக்குள் வை என்று அச்சிட்டிருக்கும். கத்திரி வெயிலில் வேலூரில் தகரக் கூரைக்குக் கீழோ, பைக் பெட்டியிலோ வைத்த ஸ்ட்ரிப் என்ன காட்டும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதற்காக ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள், ஈரம் ஏறும். வீட்டின் உள்ளறையில், நிழலில், மூடி இறுக்கி வைத்தால் போதும். திறந்த தேதியை டப்பாமேல் எழுதுங்கள். திறந்த பிறகு எத்தனை மாதம் என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும், லேபிளைப் பாருங்கள்.

லேப் ரிப்போர்ட்டையும் வீட்டு மெஷினையும் ஒப்பிடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வெறும் வயிற்றில் விரல் ரத்தமும், லேபில் கையில் ஊசி போட்டு எடுக்கும் சிரை ரத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் 20 மி.கி. வரையோ, அதற்கு மேலோ கூடுதலாக இருப்பது இயல்பு. அது மெஷின் பிழை இல்லை. மறுபக்கம், எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்திருந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறைத்துவிடும். கலெக்‌ஷன் சென்டரில் எடுத்து வேறு ஊருக்கு அனுப்பும் சாம்பிள் என்றால் சாம்பல் நிற மூடி போட்ட ஃப்ளோரைடு டியூபில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். அந்த டியூபும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குறைவதை முழுதாகத் தடுக்காது.

உங்கள் ஹீமோகுளோபின் 14.2, நல்லது. ரத்தசோகை இருப்பவர்களுக்கு விரல் மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

கிராம் கணக்கு

மேலே சொன்னதோடு ஒண்ணு சேர்த்துக்கோங்க. நாலு இட்லிங்கிறது ஒரு அளவே இல்லை. வீட்டுத் தட்டில் ஒரு இட்லி 40 கிராம் வரும், ஹோட்டல் இட்லி 60-க்கு மேலேயும் போகும். 400 ரூபாய்க்குள்ள கிடைக்கிற சமையல் தராசு ஒண்ணு வாங்குங்க. ஸ்ட்ரிப்பைவிட அதுதான் முதல் செலவு.

இப்ப 50 ஸ்ட்ரிப் திட்டம். நீங்க அடிக்கடி சாப்பிடுற நாலு சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்க. ஒவ்வொண்ணுக்கும் முதல் தடவை முழு வளைவு எடுக்கணும்: சாப்பிடும் முன், பிறகு 30, 60, 90, 120 நிமிஷம். கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது முதல் வாய் வைக்கும்போது, கை கழுவும்போது இல்லை. அஞ்சு ஸ்ட்ரிப், நாலு சாப்பாடு, ஆக 20. உச்சம் எந்த நிமிஷத்தில் வருதுன்னு இதிலேயே தெரிஞ்சுடும். அதுக்கப்புறம் அதே சாப்பாட்டை இன்னும் ரெண்டு தடவை, சாப்பிடும் முன் ஒண்ணு, உச்ச நேரத்தில் ஒண்ணுன்னு ரெண்டு ஸ்ட்ரிப்பிலேயே முடிச்சுடலாம். அது 16. மீதி 14 இருக்கு, அதாவது ஏழு சோதனை. மாற்றங்களைச் சோதிக்க அதை வச்சுக்கோங்க.

முழு வளைவு ஏன் வேணும்? இந்த ரெண்டையும் பாருங்க, உதாரணத்துக்கான எண்கள்தான். 'அ' சாப்பாடு: 95, 138, 152, 131, 108. 'ஆ' சாப்பாடு: 96, 110, 131, 134, 125. ரெண்டு மணி நேர அளவை மட்டும் பார்க்கிறவர் 'அ'தான் நல்லதும்பார், 108-க்கு இறங்கிடுச்சே! ஆனா உச்சம் அதில் 152, 'ஆ'வில் 134. மொத்த ஏற்றத்தையும் கணக்குப் போடலாம். ஒவ்வொரு அளவிலிருந்தும் ஆரம்ப அளவைக் கழிங்க, அடுத்தடுத்த ரெண்டைக் கூட்டிப் பாதியாக்கி 30-ஆல் பெருக்குங்க, நாலு துண்டையும் கூட்டுங்க. 'அ'வுக்கு ஏற்றம் 0, 43, 57, 36, 13. துண்டுகள் 645, 1500, 1395, 735. மொத்தம் 4275. 'ஆ'வுக்கு 0, 14, 35, 38, 29. மொத்தம் 3045. கால்வாசிக்கும் மேல் குறைவு. உங்க லேப் ரிப்போர்ட்டில் 2 மணி நேர அளவு 126, அழகா இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி உள்ளே என்ன நடந்துச்சுன்னு அந்த எண் சொல்லாது. இந்தச் சோதனைக்கே அதுதான் காரணம்.

சோதனை நாளில் மத்தது எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். காலை இட்லியைச் சோதிக்கிறீங்கன்னா அதுக்கு முன்னாடி காபி கிடையாது. நைட்டு சாப்பிட்ட நேரம், தூக்கம், காலை நடை மூணும் ஒத்துப்போகணும். அஞ்சு மணி நேரம் தூங்கின மறுநாள் அதே இட்லி கூடுதலா ஏத்தும். சளி, காய்ச்சல், ஸ்டீராய்டு மாத்திரை இருக்கிற நாட்களைத் தள்ளிடுங்க. சாப்பிடும் முன் அளவு வழக்கத்தைவிட 15 மி.கி. கூட இருந்தா அன்னைக்குச் சோதனை வேண்டாம், ஸ்ட்ரிப் மிச்சம்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். இட்லியைக் குறைச்சு, முட்டை சேர்த்து, சாப்பிட்டதும் நடந்தா சர்க்கரை இறங்கத்தான் செய்யும், எதால் இறங்குச்சுன்னு தெரியாது. மூணு தடவைச் சராசரியில் 15 மி.கி.க்குக் குறைவான வித்தியாசத்தை நான் வித்தியாசமாவே எடுத்துக்க மாட்டேன்.

ஆளுக்கு ஆள் மாறும்ங்கிறது உண்மைதான். 2015-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேருக்கு சென்சார் வச்சுப் பார்த்ததில், ஒரே உணவுக்கு ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் ஏற்றம் பெரிய அளவில் மாறுச்சு. ஆனா ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் மாறுற அளவும் கம்மி இல்லை. மூணு தடவை பார்க்காம "எனக்கு இட்லி ஒத்துக்காது"ன்னு முடிவு கட்டாதீங்க.

காட்பாடி ரயிலடி

ரொம்ப நன்றி சார், ரெண்டு பேருக்கும். ஏற்றத்தை எழுதணும்ங்கிறது இப்பதான் புரியுது. நாலு சாப்பாடு: காலை இட்லி, மதியம் சோறு சாம்பார் பொரியல், ராத்திரி கேவுரு (கேழ்வரகு) களி, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. களி எவ்வளவு சாப்பிட்டாலும் ஏத்தாதுன்னு வீட்டில் எல்லாரும் சொல்றாங்க. அதை எப்படி எடை போடுறது? சாப்பிட்டதும் நடந்தா இறங்கும்னு சொல்றீங்க, மே மாசம் ரெண்டு மணி வெயிலில் எங்கே நடக்கிறது?

போளூர் அடுப்படி

தம்பி, களியைப் பத்தி நான் சொல்றேன்.

நம்ம பக்கத்துல களின்னா வெறும் கேவுரு மாவு இல்ல. நொய்ய வேகவச்சு அதுல மாவக் கொட்டித்தான் கிண்டறோம். பாதி வீட்டுல இத மறந்துட்டு "கேவுரு தானே"ன்றாங்க. மாவு 100 கிராமுல மாவுச்சத்து ஏறக்குறைய 67 கிராம், நார் 11 கிராம். அரிசி 100 கிராமுல மாவுச்சத்து 78. நாரு கேவுருல நெறைய, அதுதான் அதோட பலம். மாவுச்சத்துல பெரிய வித்தியாசம் இல்ல.

எடை போடறது சுலபம். கிண்டறதுக்கு முன்னயே மாவு 200 கிராம், நொய் 50 கிராம்னு உலர்வா எடுத்துக்கோங்க. மாவுல 134, நொய்ல 39, ஆக மொத்தம் 173 கிராம் மாவுச்சத்து. வெந்ததும் வெறும் சட்டி எடையக் கழிச்சு களிய மட்டும் நிறுத்துப் பாருங்க. 900 கிராம் வந்துதுன்னா 300 கிராம் உருண்டைல 58 கிராம் இருக்குது. வெந்த சோறு 100 கிராமுக்கு 28 கிராம்னு வச்சா, அந்த உருண்டை 200 கிராம் சோத்துக்கு மேலயே சமம். ரெண்டு உருண்டை முழுங்கிட்டு "களி ஏத்தாது"ன்னா எப்படி? நியாயமா சோதிக்கணும்னா ஒரு நாள் 300 கிராம் களி, இன்னொரு நாள் 205 கிராம் சோறு, ரெண்டுக்கும் அதே கீரைக் கடைசல் அதே அளவு. அப்பதான் களிக்கும் சோத்துக்கும் உள்ள வித்தியாசம் வெளிய வரும்.

கூழும் களியும் ஒண்ணு இல்ல. ஆடி மாசம் ஊத்தற கூழு நல்லா கரைச்சு, புளிச்சு, ரெண்டு சொம்பு மடமடன்னு குடிக்கறது. வயித்த விட்டு வேகமா எறங்கும், 30 நிமிஷத்துலயே உச்சம் வரலாம். கெட்டியான களி மெதுவா எறங்கும். மாவும் நைஸா அரைச்சதுன்னா வேகம் கூடும். மெஷின்ல கொஞ்சம் கொரகொரன்னு அரைச்சுக் குடுக்கச் சொல்லுங்க.

சோறுன்னா பச்சரிசியவிட புழுங்கல் தேவலாம். ஆரணி மில்லுல ரொம்ப பாலீஷ் போடாத புழுங்கல் கேட்டாக் குடுக்கறாங்க. கொழைய விடாதீங்க, கொழஞ்ச சோறு வேகமா ஏத்தும். பழைய சோத்துல கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத மாதிரி மாறுது, உண்மைதான். அதுக்காக ரெண்டு மடங்கு சாப்பிடற அளவுக்கு இல்ல.

மாத்தறதுக்கு எனக்குத் தெரிஞ்சு மொதல்ல வரிசைய மாத்துங்க. ஒரு கப்பு பொரியலு, ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ மொதல்ல தின்னுட்டு, பத்து நிமிஷம் கழிச்சு சோத்துல கை வைங்க. 2015-ல நியூயார்க்குல 11 சர்க்கரைக்காரங்கள வச்சு ஒரு சின்ன ஆய்வு பண்ணாங்க. அதே சாப்பாடு, காயும் கறியும் மொதல்ல, ரொட்டியும் ஜூஸும் கடைசில. ஒரு மணி நேரத்துல சர்க்கரை 37 சதவீதம் கம்மி. நம்ம இலவம்பாடி முள்ளு கத்தரிக்கா பொரியலு இதுக்குன்னே பொறந்த மாதிரி. சதை கெட்டி, எண்ணெய் கொஞ்சமா ஊத்தினாலும் ருசி வருது. களிக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) துவையல் வச்சா கொழுப்பும் புரதமும் சேந்து இன்னும் நிதானமா ஏறும்.

இட்லிக்கு அரிசி உளுந்து 4-க்கு 1 போடறவங்க 3-க்கு 1 போட்டுப் பாக்கலாம். நாலு இட்லிக்குப் பதிலா ரெண்டரை இட்லியும் ஒரு கிண்ணம் பயறுச் சுண்டலும்னா, அது மதியச் சாப்பாட்டு ஏத்தத்தையும் கொஞ்சம் அடக்கும். காலையில தின்ன பருப்பு மதியத்துக்கும் வேலை செய்யும்.

கிராம் கணக்கு

அக்கா சொன்ன 58 கிராம் கணக்கை அப்படியே நோட்டில் எழுதி வச்சுக்கோங்க.

பிரியாணிக்கு என் 120 நிமிஷ அட்டவணை போதாது. ஆம்பூர் பிரியாணியில் சீரகச் சம்பாவோட எண்ணெயும் கறியும் சேர்ந்து வயிறு காலியாகிறதைத் தள்ளிப்போடும். ரெண்டு மணி நேரத்தில் 130 காட்டி நிம்மதியா உட்காருவீங்க, மூணரை மணி நேரத்தில் 165-ல் நிக்கும். அதனால பிரியாணி, பரோட்டா, பூரிக்கு 0, 60, 120, 180, 240. அஞ்சு ஸ்ட்ரிப்தான், இடைவெளி மட்டும் மாறும்.

மதிய நடைக்கு வெளியே போகவே வேண்டாம். தசை சுருங்கும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுக்கும், அதுக்குக் கோட்டை மைதானமும் வீட்டுக் கூடமும் ஒண்ணுதான். சாப்பிட்டு முடிச்ச 10 நிமிஷத்துக்குள்ள ஆரம்பிச்சு 15 நிமிஷம் ஃபேனுக்குக் கீழே நடங்க. வேலை இடத்தில்னா ரெண்டு மாடி ஏறி இறங்குங்க, இல்லேன்னா அரை மணிக்கு ஒருக்கா மூணு நிமிஷம் எழுந்து நடங்க. உச்சம் வந்துட்டுப் போனதுக்கு அப்புறம் நடக்கிறதைவிட, ஏறிட்டிருக்கும்போது நடக்கிறதுதான் உச்சத்தைக் குறைக்கும். மீதி ஏழு சோதனையில் மூணை இதுக்கே கொடுங்க: அதே சோறு, அதே எடை, நடையோட.

வேகமா ஓடுறது, கனமான வெயிட் தூக்குறதுன்னா அந்த நேரத்துக்கு அளவு ஏறியும் காட்டலாம், கல்லீரல் சர்க்கரையை வெளியே தள்ளும். பயப்பட ஒண்ணும் இல்லை. அந்த நாளைச் சோதனையில் சேர்க்காதீங்க, அவ்வளவுதான்.

பதினாலு நாள்

சென்சார் கேள்வி இன்னும் தொங்குகிறது. சொல்கிறேன்.

வாங்கினால்தான் முடியும் என்பது இல்லை. மேலே போட்ட திட்டம் 50 ஸ்ட்ரிப்பில் முடிந்துவிடும். ஒரு சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது, 14 நாளில் ஆயுள் முடிந்துவிடும். அது தருவது வேறு: ராத்திரி என்ன நடக்கிறது, விடியற்காலை 4 மணியில் இருந்து கல்லீரல் எப்படி ஏற்றுகிறது, டீயோடு தின்ற இரண்டு பஜ்ஜி என்ன செய்கிறது, எல்லாம் தெரியும். உங்கள் வெறும் வயிறு 108-ன் காரணம் ராத்திரிச் சாப்பாடா, விடியற்கால ஏற்றமா என்பதை விரலைக் குத்திக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்தக் கேள்விக்காக வாங்குவதென்றால் ஒரே ஒரு தடவை வாங்குங்கள், ஏழு நாள் பகல் ஷிஃப்ட்டிலும் ஏழு நாள் நைட்டிலும் வருகிற மாதிரி.

வாங்கினால் கவனிக்க வேண்டியவை. சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் இருக்கும் திசுநீரை அளக்கிறது. அது ரத்தத்துக்கு 5 முதல் 15 நிமிடம் பின்னால் வரும். ஏறும்போதும் இறங்கும்போதும் விரல் அளவோடு ஒத்துப்போகாது, வளைவு சமநிலையில் இருக்கும்போது மட்டும் ஒப்பிடுங்கள். முதல் 24 மணி நேர எண்களை நம்பி எந்த முடிவும் வேண்டாம். முடிந்தால் ராத்திரி ஒட்டிவிட்டு மறுநாள் ராத்திரியில் இருந்து கணக்கில் எடுங்கள். ஒட்டிய கையை அழுத்திப் படுத்தால் நடுராத்திரி 55, 60 என்று காட்டும். அது படுக்கை அழுத்தம். திரும்பிப் படுத்ததும் ஏறிவிட்டால் கவலைப்பட வேண்டாம், சந்தேகமாக இருந்தால் விரலில் பாருங்கள். ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகையில் நாளைக்கு 500 மி.கி.க்கு மேல் விட்டமின் சி மாத்திரை எடுத்தால் கூட்டிக் காட்டலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் கழற்ற வேண்டுமா என்று உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்கள். போனில் தொட்டுப் படிக்கும் பழைய மாடல் என்றால் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் உள்ள தகவல் அழிந்துவிடும். தூங்கும் முன்னும் எழுந்ததும் தொடுங்கள்.

நம் ஊரில் பெரிய தொல்லை வியர்வை. ஒட்டும் இடத்தில் எண்ணெய், பவுடர் எதுவும் இருக்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் ஒட்டாதீர்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து முழுக்கக் காய்ந்த பின் மேல்கையின் பின்பக்கம் ஒட்டி, மேலே நடுவில் ஓட்டை போட்ட டேப் ஒன்றும் போட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் கூரியரில் வாங்குவதைவிட ஏசி இருக்கிற மருந்துக் கடையில் நேரில் வாங்குவது நல்லது.

இன்னொன்று. ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனி சென்சார் மாட்டிப் பார்த்த ஆய்வில், எந்தச் சாப்பாடு அதிகம் ஏற்றியது என்ற வரிசையே இரண்டிலும் ஒத்துப்போகவில்லை. போனில் வரும் கோடு அழகாக இருப்பதால் அது துல்லியம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று தடவை விதி சென்சாருக்கும் உண்டு.

ஓபி சீட்டு

நல்ல விவாதம். ஆனால் இதுவரை யாரும் உங்கள் ட்ரைகிளிசரைட் 194-ஐயும் ஹெச்டிஎல் 37-ஐயும் தொடவில்லை, எனக்கு அதுதான் கவலை.

ஐந்து அளவுகளைப் பாருங்கள். இடுப்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ., அல்லது அதற்கு மேல். ட்ரைகிளிசரைட் 150 அல்லது மேல். ஹெச்டிஎல் ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழ். பிபி 130/85 அல்லது மேல். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேல். இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே வளர்சிதை மாற்றக் கோளாறு என்பார்கள். உங்களுக்கு நான்கு இருக்கிறது. சர்க்கரை அதில் ஒன்று மட்டுமே.

மீட்டர் பார்க்காத விஷயங்கள் உண்டு. சாதாரணச் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அது ரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றாமல் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது, மிஞ்சினால் அங்கே கொழுப்பாகிறது, ட்ரைகிளிசரைடை ஏற்றுகிறது. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பழ ஜூஸ் எல்லாம் இதில் ஒரே கட்சி. எண்ணெயில் பொரித்ததைத் தின்றால் முதல் இரண்டு மணி நேரம் மீட்டரில் கோடு தட்டையாகவே தெரியலாம். வடை 115, இட்லி 140 என்று பார்த்துவிட்டு வடைக்கு மாறினால் உங்கள் ட்ரைகிளிசரைட் எங்கே போகும் என்று யோசியுங்கள். ஆகவே நோட்டில் வாரம் ஒருமுறை இடுப்பளவும் எடையும் எழுதுங்கள். மக்கன் பேடா போன்ற இனிப்பைச் சோதித்துப் பார்க்க ஸ்ட்ரிப் வீணாக்க வேண்டாம், விடை எல்லோருக்கும் தெரியும்.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கேட்டவர் மாத்திரை எடுக்கவில்லை, அதனால் இந்தச் சோதனை அவருக்குப் பாதுகாப்பானது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோதனைக்காகச் சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால், சர்க்கரை ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி உயிருக்கு ஆபத்தாகும். மருந்து தருபவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

ஒல்லியானவர்கள் "பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கும்" என்று இதையெல்லாம் பின்பற்றவே கூடாது. சின்ன வயதில் ஊட்டம் இல்லாமல் வளர்ந்து, எடை மிகக் குறைவாக இருந்து சர்க்கரை வருபவர்களுக்குப் பிரச்சினை இன்சுலின் எதிர்ப்பு இல்லை, சுரப்பே குறைவு. நம் வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து 2022-ல் இதைக் காட்டினார்கள். 2025-ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை நீரிழிவு என்று ஏற்றுக்கொண்டது. அவர்களுக்குத் தேவை போதுமான சாப்பாடும் புரதமும், சரியான மருந்தும்.

மூன்று மாதம் கழித்து அதே லேபில், 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல், லிப்பிடும் ஹெச்பிஏ1சி-யும் சேர்த்துப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ1சி பொய்யாக ஏறும், சமீபத்தில் ரத்தம் இழந்திருந்தால் பொய்யாக இறங்கும். இடையில் ரத்த தானம் செய்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். சோதனையின்போது சாப்பிட்டபின் 200-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தாலோ, வெறும் வயிற்றில் 126-ஐத் தொட்டாலோ மூன்று மாதம் காத்திருக்காதீர்கள். காசு பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனை உண்டு.

காட்பாடி ரயிலடி

டாக்டர் சொன்னதில்கூட இடுப்பும் ட்ரைகிளிசரைடும் இவ்வளவு முக்கியம்னு பிடிபடலை, நன்றிங்க. நைட் ஷிஃப்ட் வாரத்துக்கு மட்டும் யாராவது சொல்லுங்க. ராத்திரி 10-ல் இருந்து காலை 6. கேன்டீனில் ரெண்டு மணிக்குச் சாப்பாடு.

கிராம் கணக்கு

நைட் வாரத்து எண்களைத் தனிப் பக்கத்தில் எழுதுங்க, பகல் எண்களோட சேர்க்காதீங்க. ராத்திரியில் இன்சுலின் வேலை மந்தம், அதே 200 கிராம் சோறு மதியத்தைவிட நைட்டு ரெண்டு மணிக்குக் கூடுதலா ஏத்தும்.

பெரிய சாப்பாட்டை எட்டரை மணிக்கு வீட்டிலேயே முடிச்சுட்டுக் கிளம்புங்க. ரெண்டு மணிக்குக் கேன்டீன் சோற்றுக்குப் பதிலா வேகவச்ச ரெண்டு முட்டை, ஒரு கப் சுண்டல், மோர். வேகவச்ச மல்லாட்டை ஒரு கை டப்பாவில் எடுத்துட்டுப் போகலாம். டீ வேணும்னா சர்க்கரை இல்லாம, நாலு மணிக்கு மேல வேண்டாம், பகல் தூக்கம் கெடும். காலையில் வந்ததும் பசியில் ஆறு இட்லி போகும், அதை ரெண்டோட நிறுத்திட்டுத் தூங்குங்க. நல்ல இருட்டான அறையில் தூக்கம் ஏழு மணி நேரமாவது வரணும்.

வெறும் வயிற்று அளவு அந்த வாரத்தில் எழுந்ததும் எடுக்கணும், மதியம் மூணு மணியா இருந்தாலும் சரி. ஆனா கடைசியாச் சாப்பிட்டு எட்டு மணி நேரம் ஆகியிருக்கணும். நைட் முடிஞ்சு பகலுக்கு மாறின முதல் ரெண்டு நாள் சோதனை வேண்டாம். ஸ்ட்ரிப் டப்பாவை ஃபேக்டரி லாக்கரில் வைக்காம சாப்பாட்டுப் பையில், குளிர்ந்த மோர் பாட்டிலை ஒட்டாம வையுங்க. குத்தின லான்செட் ஊசியைக் குப்பையில் போடாம மூடி போட்ட கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வச்சு, அடுத்த தடவை ஆஸ்பத்திரி போறப்போ அங்கே கொடுத்திடுங்க.